அறுபத்திரண்டில் நின்றது

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதிக்கொண்டது சரிதான். வயது ஐம்பத்து மூன்று. ஐந்தாவது வரை படித்தேன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷில் நம்பர் மட்டும் தெரியும். எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் வீட்டைக் காட்ட மாட்டார்கள், கம்ப்யூட்டர்காரர் வீட்டம்மா என்றால் காட்டுவார்கள். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டரை நான் திருப்பித் தர மறுப்பதாகப் பல் டாக்டர் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்ததில், நானாக மனம் ஒப்பிச் சொல்வதாவது.

என் கணவர் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்து வந்தார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடிப்பேன், கழற்றிய ஸ்குரூக்களைக் காந்தம் ஒட்டிய டப்பா மூடியில் சேர்த்து வைப்பேன். அவர் கையை நீட்டினால் எது வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பேன். அதனால் என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார். எழுந்திருக்காத மிஷினைத் தட்டிக்கொடுத்து, "என்னடா செல்லம், உடம்புக்கு என்ன" என்று கேட்பார். நான் சிரித்தால், "பேஷண்ட் முன்னாடி சிரிக்கக் கூடாது நர்சம்மா" என்பார். மழை நாளில் வேலை குறைவாக இருந்தால், சும்மா கிடக்கும் மிஷினைக்கூடத் திறந்து தூசி தட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். எங்கள் குடித்தனத்தில் பாதி அந்த மேஜையில்தான் நடந்தது.

வைரஸ் பிடித்த மிஷின் ஏதாவது மேஜையில் இருந்தால், அவர் எழுந்து போகும்போது இன்டர்நெட் ஒயரை நான் கழற்றி ஜன்னல் ஆணியில் மாட்டிவிடுவேன். மற்ற மிஷின்களுக்கும் தொற்றிக்கொள்ளும் என்று அவர்தான் பழக்கிவிட்டார். பிறகு எல்லா மிஷினுக்குமே அப்படிச் செய்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பல் டாக்டரின் கம்ப்யூட்டர் வந்தபோது என் கணவருக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி இருந்தது, வாயுவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிஷினில் உள்ளே இருக்கும் முக்கியமான ஃபைல்கள் கெட்டுப்போய்விட்டன என்றார். அதைச் சரிசெய்ய மிஷினுக்குள்ளேயே ஒரு புரோகிராம் உண்டு, அதை ஓட்டினார். கெட்டது தெரிகிறது, என்னால் சரிசெய்ய முடியவில்லை என்று அது சொல்லிவிட்டது. மறுபடியும் ஓட்டினார், அதே பதில். ஏன் அப்படி என்று கேட்டேன். "கிழிஞ்ச சட்டைக்கு ஒட்டுப்போடலாம்னு துணிப் பெட்டியைத் திறக்கிறே. பெட்டியில இருக்கிற துணியையே பூச்சி அரிச்சிருக்கு. அப்ப என்ன செய்வே? முதல்ல பெட்டிக்கு நல்ல துணி கொண்டு வரணும். அப்புறம்தான் சட்டை" என்றார். அந்த நல்ல துணி எந்த வழியாக வரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் கறுப்புத் திரையில் இரண்டு விரலால் ஒரு நீள வரியை அடித்து ஓடவிட்டார். நம்பர் ஏறிக்கொண்டு வந்தது. அப்போது வலி அதிகமாகி, சட்டை நனைந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். என் தம்பி ஆட்டோ கொண்டு வந்தான். வாசல் படியில் நின்று திரும்பி, "அது பாட்டுக்கு ஓடட்டும், அணைச்சிடாதே" என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு நான் அடுப்பைப் பார்த்து, ஜன்னலைச் சாத்தி, ஒயரை ஆணியில் மாட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் பொழுது சாய்ந்த பிறகு பெண்களை இருக்க விடவில்லை. தம்பி துணைக்கு இருந்தான், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்ததும் தம்பியின் போனில் அவர் பேசுவார். முதலில் அதைத்தான் கேட்பார்.

"எவ்வளவு வந்திருக்கு?"

"அறுபத்திரண்டுங்க."

"அந்த இடத்துல நின்னு நின்னுதான் போகும். பிடிவாதக்காரப் பய. கை வைக்காதே."

ஒரு நாள், "இங்கே எத்தனையோ நர்சம்மா இருக்காங்க, ஒருத்திக்கும் டெஸ்டர் எது, ஸ்குரூ டிரைவர் எதுன்னு தெரியல" என்றார். அதற்கு அடுத்த நாளும் எவ்வளவு என்று கேட்டார், அறுபத்திரண்டு என்றேன். "சரி, ஓடட்டும். நான் வந்து பார்த்துக்கறேன்" என்றார். அதன் பிறகு அவர் போனில் பேசவில்லை.

அவரைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தியபோதும் மேஜை மேல் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன அது இரைச்சல் என்று கேட்டார்கள். நாத்தனார் சுவிட்சில் கை வைத்தாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, விடுங்க, வலிக்குது" என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டேன். அதன் பிறகு யாரும் அதன் பக்கம் போகவில்லை. கரண்ட் போனால் தாங்குவதற்கு அவர் பேட்டரி வைத்திருந்தார், அதில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டேன். அந்த இரைச்சல் கேட்டால்தான் படுக்க முடிந்தது.

அதன் பிறகு பல் டாக்டர் வந்தார். முதல் தடவை துக்கம் மட்டும் விசாரித்துவிட்டுப் போனார். அடுத்த தடவை மிஷினைக் கேட்டார். ஓடி முடியட்டும் சார் என்றேன். எப்போது முடியும் என்றார். "அவர் சொல்லலை சார்" என்றேன். பிறகும் வந்தார். "எல்லார் பல்லோட படமும் அதுலதாம்மா இருக்கு. வாயைத் திறக்கச் சொல்லிட்டு எதைப் பிடுங்கறதுன்னு தெரியாம நிக்கறேன்" என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கொண்டுபோனால் அணைப்பார்கள் என்பதால் கதவை முழுதாகத் திறக்கவில்லை. அந்தப் பொருளை வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இருந்ததா என்று அதிகாரி கேட்கிறார். இல்லை. அணைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனவர், போதும் அணை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இன்று காலை சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் போலீசும் பல் டாக்டரோடு வந்தார்கள். கூடவே அடுத்த தெருவில் இதே தொழில் செய்பவரையும் கூட்டி வந்தார்கள். எந்த மிஷின் வந்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடுவார் என்பதால், என் கணவர் அவருக்கு ஃபார்மட் என்று பெயர் வைத்திருந்தார். ஒரு பட்டன் அறுந்ததுக்குச் சட்டையையே தூக்கிப் போடறான் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார், இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். அவரைப் பார்த்ததும் நான் மேஜைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "அக்கா, பார்க்க மட்டும் செய்யறேன். உங்க மேல சத்தியம்" என்றார். அதன் பிறகு நகர்ந்தேன்.

அவர் திரையைக் கொஞ்ச நேரம் படித்தார். "அக்கா, இது ஓடல. அன்னிக்கே நின்னுபோச்சு. நம்பருக்குக் கீழே எழுதியிருக்கு பாருங்க, நல்ல ஃபைல் எடுக்க வழியில்லைன்னு. ஃபேன் மட்டும்தான் சுத்துது" என்றார். அந்தக் கீழ் வரியைத் தினமும் பார்த்திருக்கிறேன். அதுவும் ஓடுகிறதில் சேர்த்தி என்று நினைத்திருந்தேன். அதன் பிறகு அவர் மிஷினின் பின்பக்கம் தடவிப் பார்த்து, "நெட் ஒயர் எங்கேக்கா?" என்றார். நான் ஆணியைக் காட்டினேன். அவர் போய் ஒயரை எடுத்து வந்தார். துணி அது வழியாகத்தான் வருமா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். பெண் போலீஸ் தண்ணீர் கொடுத்தார்.

இப்போது அழித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒயரைச் செருகிவிட்டு, மேல்நோக்கிய அம்புக்குறிப் பட்டனை ஒரு தட்டு தட்டினார். நீளமாக ஒரு வரி வந்து நின்றது. "இது அண்ணன் கடைசியா அடிச்ச வரி. மிஷினை அணைச்சிருந்தீங்கன்னா இது போயிருக்கும். நான் ஒரு எழுத்துகூட மாத்தலை. நீங்களே அழுத்துங்க, அந்தப் பெரிய பட்டன்" என்றார். நான் அழுத்தினேன்.

அதன் பிறகு ஐந்து பேரும் நின்றபடி பார்த்தோம். அறுபத்திரண்டில் நின்றது. வெகு நேரம் நின்றது. பல் டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அறுபத்து மூன்று ஆனது, ஏறியது. முடிந்ததும் என்னை அறியாமல், "நூறு வந்துடுச்சுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். பல் டாக்டர், சரிம்மா என்றார். நான் அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு ஃபார்மட் முதலில் தோற்றுப்போன புரோகிராமை மறுபடி ஓட்டினார், இந்தத் தடவை அது எல்லாவற்றையும் சரிசெய்தது. பல் படங்கள் எல்லாம் இருந்தன. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக டாக்டர் சொன்னார். கொண்டுபோவதற்கு மிஷினை அணைக்க வேண்டும் என்றபோது, அதை நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கி, நானே அணைத்தேன். அவர்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன்.

இப்போது மேஜையில் வேறு வேலை எதுவும் பாக்கி இல்லை.

நான் சொன்னபடியே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, எல்லாம் நடந்ததுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
கம்ப்யூட்டர்காரர் மனைவி