டைரக்டர் கழற்றிய வாட்ச்

ஒரகடம் கார் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், முன் சீட்டில் யூனிஃபார்ம் அணிந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கம்பெனி டைரக்டர் வாட்ச்ச நான்தான்டி கழட்ட வெச்சேன்.”

“அய்யோ! லட்சக்கணக்குல இருக்குமே, அதையா?”

“பேட்டரியே இல்லாம ஓடுதுடி. கண்ணாடிக்குள்ள குட்டிக் குட்டி சக்கரம் சுத்துது, அவ்ளோ அழகு. பெயிண்ட் காய வெக்கிற ஓவன் கிட்ட ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தாரு. அப்படியே நம்ம ஷவர் டெஸ்ட்டுக்கு வந்து, கார் ஒழுகுதானு பாக்க தண்ணில கைய நீட்டுறாரு.”

“வாட்டர் ப்ரூஃபா இருக்கும்டி.”

“அதான் அவரும் சொன்னாரு. ‘வெறும் தண்ணி ஒண்ணும் பண்ணாது சார். ஓவன் கிட்ட சூடேறுன வாட்ச் ரப்பர் மேல பச்சத்தண்ணி பட்டா சுருங்கி வழி வுட்டுடும். நாலு வருசமா கதவு ரப்பர்தான் மாட்டுறேன்’னேன்.”

“சூப்பர்வைசர்?”

“மூஞ்சே வெளுத்துப் போச்சு. டைரக்டர் சிரிச்சுகினே கழட்டி பாக்கெட்டுல போட்டுகினாரு.”

“உனக்கு இன்னா தெகிரியம்டி!”

“அத்த வுடு. அப்புறம் என்கிட்டயே மணி கேக்குறாரு. வெறும் கைய காட்டி, ‘கார்ல கீறல் வுழும்னு லைன்ல எங்களுக்கு வாட்ச் கெடையாது சார். டீ பெல் அடிச்சா பத்து மணி’ன்னேன்.”

“அதுக்கு?”

“பெல் அடிக்கிற வரைக்கும் எங்ககூடவே நின்னுகினு இருந்தாரு.”