கதவில் ஏறாத எண்

"...அதான் பெயிண்டரண்ணே, சின்ன வண்டின்னா இவங்களுக்கு எளக்காரம்! மாநிலத்த விட்டு ஒரு அடி தாண்டாத லாரிக்கு எதுக்கு இத்தன பதிவு? நீங்களே சொல்லுங்க..."

பெயிண்டரால் சொல்ல இயலவில்லை. தூரிகை பற்களுக்கிடையே இருந்தது. சுண்ணாம்புப்பொடி தேய்த்த நூலின் ஒரு முனையை லாரிக் கதவில் இடது கட்டைவிரலால் அழுத்தியிருந்தார். மறுமுனை லாரிக்காரர் பொறுப்பு. அவர் அசையாமல் பிடித்தால் நூலைச் சுண்டிக் கோடு போடலாம். கோட்டின்மேல் வண்டியின் பதிவு எண்ணை எழுதலாம். ஐந்து மணிக்குள் எண்ணைக் காட்டினால்தான் பதிவு அலுவலக முற்றத்திலிருந்து வண்டி வெளியேறும்.

"அம்பதடி தள்ளி நின்னு படிக்கிறாப்ல எழுதணுமாம். அம்பதடி! வீட்ல அஞ்சடியில நிக்கிற எம் மூஞ்சியவே எம் பொண்டாட்டி ஏறெடுத்துப் பாக்க மாட்டா..."

ஐம்பதடியைக் காட்ட அவர் கை நீண்டது. நூல் தொய்ந்தது.

"நாளைக்கு விடிஞ்சா மரக்கடை லோடு. நம்ம வண்டி வரலேன்னா அது யாருக்குப் போகும் தெரியுமா? எம் மச்சானுக்கு! அப்புறம் அவன் மீசைய முறுக்கிட்டு எங்க வீட்டுக்கே வருவாண்ணே, நலம் விசாரிக்க!"

மீசையை முறுக்கிக் காட்டியதும் அதே கைதான். பெயிண்டர் புருவத்தை உயர்த்தி நூலைச் சுட்டினார்.

"பாத்தீங்களா, உங்களுக்கே புருவம் ஏறுது! மாநிலத்துக்குள்ள ஓடுற சின்ன வண்டின்னா ஒரே தாள், ஒரே கையெழுத்து. அவ்ளோதான் சட்டம். ஆனா அந்த அதிகாரியம்மா கண்ணாடியத் தூக்கிவிட்டுக் கதவப் பாத்தாங்க. 'நீங்க வெளிமாநிலம் போறவரு. அதுக்கு வேற பதிவு, வேற இன்சூரன்ஸ்'ங்கறாங்க. நானா? டீ குடிக்கக்கூட எல்லையத் தாண்டுனவன் இல்லண்ணே! மூணு நாளா நாயா அலைஞ்சு, 'போகமாட்டேன், போகமாட்டேன்'னு எழுதிக் குடுத்தேன். அப்புறந்தான், பழச அழிச்சிட்டு நம்பர எழுதிட்டு வான்னாங்க..."

பெயிண்டரின் பார்வை கதவில் சுரண்டிய இடத்துக்குப் போயிற்று. எழுத்துகளின் நிழல் இன்னும் முழுதாக மறையவில்லை.

"அதா... அது வந்து... 'எல்லா மாநிலங்களுக்கும் செல்லும்'. சிரிக்காதீங்கண்ணே! மச்சான் அவன் வண்டியில 'எல்லா மாவட்டங்களுக்கும்'னு எழுதி வெச்சிருந்தான். பாத்துட்டு நா சும்மா இருக்கவா? முக்காலி போட்டு ஒக்காந்து, எங் கையாலயே, இவ்ளோ பெருசா எழுதுனேன்! அம்பதடி என்ன, நூறடியில படிக்கலாம்!"

எவ்வளவு பெரிதென்று காட்ட இம்முறை இரண்டு கைகளும் எழுந்தன.

மணி ஐந்து. உள்ளே அலுவலகக் கவுண்டரின் ஷட்டர் தடதடவென்று இறங்கியது.

பெயிண்டர் வாயிலிருந்து தூரிகையை எடுத்தார். துடைத்தார், டப்பாவை மூடினார், வாயிலை நோக்கி நடந்தார்.

"அண்ணே... எங்க கெளம்பிட்டீங்க? இன்னும் கோடே போடலியே! நா பாட்டுக்கு அசையாம நூலப் புடிச்சிட்டுத்தான நிக்கிறேன்!"

விரித்த இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன. நூல் அவர் செருப்பின்மேல் கிடந்தது.