புகைக்குள் அளவு திருத்திய சென்சார்

என் பெயர் நிருபமா, வயது 37, கணவர் பெயர் வெங்கடராமன், வசிப்பது பெங்களூரு மல்லேஸ்வரத்தில். பொம்மனஹள்ளியில் பைக் எஞ்சின் ட்யூனிங் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். என் கணவரின் தம்பி ரித்விக் பங்குதாரர். நான் எஞ்சினைப் பார்ப்பேன், அவர் கேமராவைப் பார்ப்பார்.

சென்ற சனிக்கிழமை, பீன்யாவில் லேத் வேலை செய்யும் பிரகாஷ் என்பவரின் பைக்கை ரித்விக் ட்யூனிங்குக்கு எடுத்தார். எஞ்சினில் பெட்ரோல் அதிகமா குறைவா என்று புகையை வைத்துக் காட்டும் ஆக்சிஜன் சென்சாரை, முதலில் சைலன்சரிலிருந்து கழற்றி, சுத்தமான வெளிக்காற்றில் தொங்கவிட்டு அளவு திருத்த வேண்டும். ரித்விக் கறுப்புக் கையுறை மாட்டி, தலை சீவிக்கொண்டு, மூடிய ஷெட்டுக்குள் இன்னொரு பைக்கை உறுமவிட்டு, அந்தப் புகையில் சென்சாரைத் தொங்கவிட்டபடி வீடியோ எடுத்தார். வெளியே கொண்டுபோகச் சொன்னேன். "வெளில லைட்டிங் சரியில்ல மன்னி. காத்து எல்லா எடத்துலயும் காத்துதான்" என்றார். புகையில் திருத்திய சென்சார், ஓட்டத்தில் பெட்ரோல் அதிகம் என்று பொய் காட்டும், அதை நம்பிக் குறைத்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி பிஸ்டன் உருகும் என்றேன். மறுபடி திருத்தாமல் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அதன் பிறகு ரித்விக் அதே சென்சாரை நம்பிப் பெட்ரோலைக் குறைத்து வண்டியைக் கொடுத்துவிட்டார். ஓசூர் ரோட்டில் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் நின்று, பிரகாஷ் தூக்கியெறியப்பட்டதில் அவருக்கு இடது தொடை எலும்பு முறிந்தது. போலீசாராகிய உங்கள் முன்னிலையில் எஞ்சினைப் பிரித்தேன். பிஸ்டனில் ஓட்டை.

அதன் பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரித்விக் கட்டிலருகே போனைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி பிரகாஷின் தலையணையை நகர்த்திக்கொண்டிருந்தார். "ஓவர் ஸ்பீடுல போனேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க ப்ரோ, இன்ஷூரன்ஸுக்கு நல்லது" என்றார். மருந்து மயக்கத்திலிருந்த பிரகாஷ், "சொல்லட்டுமா?" என்று மனைவி ஷோபாவிடம் கேட்டார். ஷோபா போனை வாங்கிக் கட்டிலுக்கடியில் இருந்த மூத்திரக் குடுவைக்குள் போட்டார். ரித்விக் கையுறை இல்லாமல் எடுத்தார். நான் உதவவில்லை.

ஷெட் வீடியோவை அவர் அதற்கு முன்பே இணையத்தில் போட்டிருந்தார். அவர் நீக்குவதற்குள் நான் பதிவிறக்கி, இத்துடன் கொடுத்துள்ளேன். அதில் நான் எச்சரித்த இடத்தை வெட்டியிருக்கிறார். தெரியாமல் செய்தாரா என்று நீங்கள் கேட்டதற்கு இதுவே என் பதில். காதில் விழாததை யாரும் வெட்டுவதில்லை.

அதன் பிறகு வீட்டில் மாமியார், "ஆத்து விஷயம் ஆத்தோட போகட்டும்மா, அவன் கொழந்தை" என்றார். குழந்தைக்கு வயது 31.

என் கணவர் வெளியே காரில் இருக்கிறார். நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லும்படி வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். பார்த்தேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னது, எல்லாம் நடந்தது. யார் சொல்லியும் சேர்க்கவில்லை, யாருக்காகவும் விடவில்லை.

(ஒப்பம்)
நிருபமா