அவள் கைக்கு எட்டும் தாழ்ப்பாள்

இல்லண்ணே, அங்க இல்ல. கீழ. இன்னும் கொஞ்சம் கீழ. கைப்பிடியிலருந்து ஒரு சாண் விட்டு பென்சில்ல கோடு போடுங்க. ஆங், அதேதான். பெரியவ நின்னா அவ நெஞ்சு உயரம் வரும். கையைத் தூக்கவே வேண்டாம், நீட்டினாப் போதும். உள்பக்கம்தான், ஆமா. வெளிப்பக்கம் ஒண்ணும் வேண்டாம்.

நீங்க முழிக்கறது தெரியுது. போன வருஷம் இதே கதவுலருந்து தாப்பாவைக் கழட்டினதே நீங்கதான். மறந்துட்டேன்னு நெனச்சீங்களா? பெரியவ பாத்ரூமுக்குள்ள போயி தாப்பா போட்டுக்கிட்டு, திறக்கத் தெரியாம ஊரைக் கூட்டினாளே. நீங்கதானே வந்து ஜன்னல் கண்ணாடியைக் கழட்டி, கையை விட்டுத் திறந்தீங்க. எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு என்ன குதி குதிச்சாரு. வீட்டுல ஒரு தாப்பாகூட குழந்தை கைக்கு எட்டக் கூடாதுன்னு, உங்களை விட்டே இந்த ரூம் தாப்பாவையும் சேத்து எல்லாத்தையும் மேல ஏத்தி அடிக்க வச்சாரு. நானே எக்கித்தான் போடணும். உங்க வேலையில குறை சொல்லலண்ணே. அப்ப அவளுக்கு நாலு வயசு, பயந்தோம். இப்ப அஞ்சு. திறக்கத் தெரியும். திறக்காம இருக்கவும் தெரியணும்.

மணி என்ன ஆச்சு, ரெண்டேகாலா? மூணுக்குள்ள முடிச்சுடுவீங்கல்ல? முடிச்சுடுங்கண்ணே. டீ போட்டுத் தரேன், ஆனா கையை நிறுத்தாம குடிங்க.

ட்ரில் போடுங்க, பரவாயில்ல. சின்னவன் இந்தச் சத்தத்துக்கெல்லாம் எந்திரிக்க மாட்டான். இடி விழுந்தாலும் தூங்குவான். நான் தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்தா மட்டும் எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ, வீல்னு ஒரு சத்தம். ஏழு மாசம் முடிஞ்சுடுச்சு. இந்த ஏழு மாசத்துல நான் சேந்தாப்புல ரெண்டு மணி நேரம் தூங்கினதில்லண்ணே. சத்தியமா சொல்றேன். போன வாரம் உப்பு டப்பாவைக் கொண்டுபோயி துணி மெஷின்ல கொட்டினேன். கொட்டிட்டு, ஏன் நுரையே வரலன்னு நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன்.

தொட்டில் இனிமே இந்த ரூம்லதான். நேத்துதான் எங்க ரூம்லருந்து நானே தரதரன்னு இழுத்துட்டு வந்தேன். தாய் பக்கத்துல இல்லாம எப்படின்னு கேக்கறீங்களா? அக்காக்காரி இருக்காளே. அவ கெட்டிக்காரி. அந்த மேசையைப் பாருங்க, மூணு பாட்டில்ல தண்ணி அளந்து ஊத்தி வச்சிருக்கேன். பக்கத்துல குட்டி டப்பாவுல பால் பவுடர், அதுவும் அளந்தது. கொட்டி மூடி குலுக்கினாப் போதும். அவளுக்கு பிஸ்கட், வாழைப்பழம், தண்ணி. மூலையில அந்தப் பிளாஸ்டிக் வாளி எதுக்குன்னு உங்களுக்கே புரியும். அவரு வர ஏழு மணி ஆயிடும், மூணுலருந்து ஏழு வரைக்கும் தாங்கணும்ல.

என்னது, யுத்தம் வரப்போகுதான்னா? நல்லாக் கேட்டீங்க போங்க.

அந்த ஸ்க்ரூ வேண்டாம்ணே. அது பல்லு குத்தற சைஸ்ல இருக்கு. நீளமா, நிலைக்கட்டைக்குள்ள முழுசா இறங்கற மாதிரி இருக்கா? அதைப் போடுங்க. கதவு தள்ளினாலும் அசையக் கூடாது. ஆனா தாப்பா கனமா இருக்கக் கூடாது, அது முக்கியம். அவ பிஞ்சுக் கை. கொஞ்சம் எண்ணெய் விட்டுடுங்க. உள்ளேருந்து இழுத்தா சட்டுனு ஓடணும், வெளியேருந்து தள்ளினா மலை மாதிரி நிக்கணும். ரெண்டும் ஒண்ணா வராதுங்கறீங்களா? உங்களுக்கு வரும். உங்க கை வேலை எனக்குத் தெரியாதா.

அவரையே மாட்டச் சொல்லியிருக்கலாம்தான். அவரு ஆணி அடிச்ச லட்சணம் பாக்கணுமா? அதோ அந்த மலைப் படம் எதுக்கு அவ்வளவு கீழ மாட்டியிருக்குன்னு நெனக்கறீங்க? அவரு போட்ட ஓட்டையை மறைக்கத்தான். இல்லண்ணே, அவருக்கு இது தெரியாது. சாயந்தரம் வந்து பாத்துக்கட்டும். என்ன இது, கழட்டினதை மறுபடி மாட்டியிருக்கன்னு கேப்பாரு. கேக்கட்டும். அப்பவாவது கேட்டாச் சரி.

இதுவா? மணிக்கட்டுலயா? பல்லு. நாயில்ல, நல்லாப் பாருங்க, குட்டிக் குட்டிப் பல்லு. பெரியவதான். திங்கக்கிழமை தம்பியைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன், அப்பக் கடிச்சா. ரத்தம் வந்துடுச்சு. பொறாமையா? எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க, தம்பி பொறந்தா மூத்ததுக்குப் பொறாமை வரும்னு. அப்படியே வச்சுக்குங்க. அடிக்கலண்ணே. அவளையா அடிப்பேன்? மறுநாள் கடைக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய சாக்லேட்டா வாங்கிக் குடுத்தேன். அவதான் சாப்பிடல. இன்னும் ஃப்ரிட்ஜ்ல அப்படியே இருக்கு.

பெரியவளே, அந்த கிரயானைக் கீழ வச்சுட்டு இங்க வா. மாமா உனக்குத்தான் தாப்பா மாட்டறாரு. மாமாகிட்டச் சொல்லு, நீ தாப்பா போட்டதுக்கப்புறம் யார் கூப்பிட்டாத் திறப்ப? சத்தமாச் சொல்லு. அப்பா. அப்புறம்? கீழ் வீட்டு டெய்லரக்கா. அப்புறம்? கேட்டீங்களா, யாரும் இல்லங்கறா. சாக்லேட் தரேன்னா? மாட்ட. திட்டினா? மாட்ட. அழுதா? ஏய், வாயைத் திறந்து சொல்லுடி. அழுதா என்ன பண்ணுவ? தம்பிகிட்ட உக்காந்துக்கிட்டு பாட்டுப் பாடுவேங்கறா. அவ்வளவுதான். போ, போய் வரை.

திருடன் எங்கயாவது கதவுக்கு வெளிய நின்னு அழுவானான்னு கேக்கறீங்க. அழற திருடனும் இருப்பான்ணே.

ஐயோ, அவரா? சே சே. அதுக்குத்தான் இவ்வளவு நேரமா என் கையையே பாத்துக்கிட்டு இருந்தீங்களா? வேலியே பயிரை மேயுதான்னு கேக்காமக் கேக்கறீங்க. இல்லண்ணே. அவரு எறும்பை மிதிச்சா எறும்புகிட்ட மன்னிப்புக் கேக்கற ஆளு. புள்ளைங்கன்னா உசிரு. ஒரே குறை, எதைச் சொன்னாலும் தலையாட்டுவாரு, காதுல ஏறாது. நான் சொல்லாம இல்ல. எனக்கு பயமா இருக்குன்னு சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டே கேட்டாரு. தூக்கம் இல்லன்னா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், ஞாயித்துக்கிழமை புள்ளைங்களை நான் பாத்துக்கறேன், நீ நல்லாத் தூங்குன்னாரு. ஞாயித்துக்கிழமை அவரு தூங்கினாரு.

எங்கம்மாவுக்கும் போன் போட்டேன். நாங்கல்லாம் அஞ்சு பெத்து வளக்கலையா, ரெண்டுக்கே இந்தக் கூத்தான்னாங்க. தடுப்பூசி போடப் போனப்ப நர்ஸம்மா, வேற எதுவும் பிரச்சனை இல்லையேன்னு கேட்டாங்க. குனிஞ்சு எழுதிக்கிட்டே கேட்டாங்க. எனக்குப் பின்னாடி இருபது பேரு, இருபது குழந்தையும் ஒண்ணா அழுதுது. இல்லன்னுட்டேன். வெளிய வந்து படிக்கட்டுலயே உக்காந்துட்டேன். அப்புறம் நானே திரும்பிப் போயி, டாக்டரம்மாவைத் தனியாப் பாக்கணும்னு சீட்டு வாங்கினேன். வர்ற செவ்வாக்கிழமைக்கு. அதுக்கு முன்னாடி இடம் இல்லையாம். இன்னிக்கு வியாழன். செவ்வா வரைக்கும் ஓட்டணும்ல, அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

டீ ஆறுது பாருங்க. சர்க்கரை போட்டேனா? போட்டேன்னுதான் நெனக்கறேன். உப்பு இல்லையே?

பால்கனிக்கா? பூட்டிட்டேன். காத்து வரலதான், தெரியுது. சாவி என்கிட்ட இல்ல. டெய்லரக்காகிட்ட குடுத்து, நான் வந்து கேட்டாலும் தராதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அவங்களும் உங்களை மாதிரிதான் பாத்தாங்க. மூணு மாடி, குழந்தைங்க இருக்கற வீடு, அதான்க்கான்னேன். சரின்னு வாங்கி நூல் டப்பாவுல போட்டுக்கிட்டாங்க. அவங்க வீட்டுல இருந்தா பயமில்லண்ணே. ஆனா மத்தியானம் கடைக்குப் போயிடறாங்க. எல்லாரும் எங்கயாவது போயிடறாங்க.

மணி எவ்வளவு? ரெண்டு நாப்பது. தாப்பா போய் மாட்டற அந்தக் கொண்டி ஒண்ணுதான் பாக்கியா? இறுக்கிடுங்க.

இல்லண்ணே, மூணு மணிக்கு யாரும் வரல. வெளியிலருந்து யாரும் வர மாட்டாங்க. அந்த நேரம் ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வேலையெல்லாம் முடிஞ்சிருக்கும், எதுவும் முடிஞ்ச மாதிரி இருக்காது. சின்னவன் எந்திரிச்சுக்குவான். ஆரம்பிச்சான்னா நிறுத்த மாட்டான். பால் குடுத்தாலும், தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாலும் நிறுத்த மாட்டான். அப்புறம் திடீர்னு சத்தம் போயிடும். அவன் நிறுத்திட்டதனால இல்ல. வாயைத் திறந்து அழுதுக்கிட்டுத்தான் இருப்பான், மூஞ்சியெல்லாம் செவந்து போயிருக்கும். எனக்குத்தான் கேக்காது. காதுல பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி. பயமா இருக்கும்னு நெனக்கறீங்களா? இருக்காதுண்ணே. அவ்வளவு நிம்மதியா இருக்கும். வயித்துலருந்து கல்லை இறக்கி வச்ச மாதிரி ஒரு நிம்மதி. அதுதான் எனக்குப் பயம். அந்த நிம்மதி.

திங்கக்கிழமை டப்புல தண்ணி கொஞ்சம்தான் இருந்துது. என் முழங்கை நனையற அளவு. அவ அம்மா அம்மான்னு எத்தனை தடவ கூப்பிட்டாளோ தெரியாது, எனக்குக் கேக்கல. பல்லுதான் கேட்டுது. அவனுக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கான், பாருங்க எப்படித் தூங்கறான்னு. இருமினான், கொஞ்ச நேரம் இருமினான், அப்புறம் சிரிச்சான். என்னைப் பாத்துத்தான் சிரிச்சான். எனக்கு அதைத்தான் தாங்க முடியல.

சோப்பு வழுக்கும்ணே, ஆமா. சோப்புதான்னு அவருகிட்டயும் சொன்னேன். எங்க முடிச்சுட்டீங்களா, காட்டுங்க. போட்டுக் காட்டுங்க. அட, சத்தமே இல்லாம ஓடுது. நல்லாயிருக்குண்ணே. ரொம்ப நல்லாயிருக்கு.

பெரியவளே, வா. நீ உள்ள நில்லு. மாமாவும் அம்மாவும் வெளிய வந்துடறோம். நீ கதவைச் சாத்தித் தாப்பா போடு, பாப்போம். இழு. வலது பக்கமா இழு. டொக்குன்னு கேட்டுதா? அதேதான். தங்கம்டி நீ.

இப்பத் தள்ளிப் பாருங்கண்ணே. தோளை வச்சுத் தள்ளுங்க, கூச்சப்படாதீங்க, நீங்க மாட்டின தாப்பாதானே. இன்னும் வேகமா. அசையல. ஒரு ஆம்பள மோதினாலும் தாங்கும்ங்கறீங்க.

அது போதாதுண்ணே. பெத்தவ மோதினாத் தாங்கணும். நகருங்க, நான் தள்ளிப் பாக்கறேன்.

ம். தாங்குது. கைதான் வலிக்குது. இருங்க, இன்னொண்ணு பாக்கணும், அதுதான் முக்கியம். கண்ணு, அம்மாடி. கதவைத் திற. விளையாட்டு முடிஞ்சுடுச்சு. தம்பி எந்திரிச்சுட்டான் பாரு, அம்மா தூக்கறேன், திற. கண்ணு, அம்மாதான்டி, வேற யாருமில்ல, அம்மா மட்டும்தான் இருக்கேன். அம்மாவுக்கு உன்னைப் பாக்கணும் போல இருக்குடி, ஒரே ஒரு தடவ திறடி.

உள்ள அவ அழறாண்ணே. கேக்குதா உங்களுக்கு? எனக்கும் கேக்குது. அழுதுக்கிட்டே பாடறா.

திறக்கல பாத்தீங்களா.