ஓரம் விடாத மனு

வானகரத்தில் ஏறிய அக்காவும் தம்பியும் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தம்பிமேல் அக்கா போட்ட பங்கு வழக்குக்குத்தான் இருவரும் பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. தம்பிக்கு டிக்கெட்டும் அக்காவே எடுத்தார். சட்டம் படிக்கப் போய் முதல் வருடத்தோடு திரும்பிய நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாக்கா, உன் மனுவத் திருப்பிட்டாங்களாமே? பேப்பர்ல ஓரம் உடாம டைப் அடிச்சுகினு போனியாம். நூம்பல் நெலத்துல உன் பங்கு அவ்ளோதான்!"

"ஓரம் உடலன்னா பங்கு பூடுமா? பந்தியில எலைய மாத்திப் போட்டுட்டா, திருப்பிப் போடுன்னுதான் சொல்வாங்க. சோறே கெடையாதுன்னா சொல்வாங்க?"

"ரூலுன்னு ஒண்ணு கீதுல்ல?"

"கீது நைனா. எப்டி கேக்கணும்னு கோர்ட்டு ரூல் போடலாம். பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு சொல்றது சட்டம். ஓரத்துக்குப் போட்ட ரூல் வந்து அத அழிக்க முடியாதுடா. புதுசா டைப் அடிச்சு எடுத்தாந்துகீறேன், பாக்கிறியா?"

தம்பி பார்க்கவில்லை. மூன்று வருடமும் ஒழுங்காகப் படித்திருந்தால்கூட நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

"அப்போ நான் தோத்துடுவேனாக்கா?" என்றான் தம்பி, குமணன்சாவடி தாண்டியதும்.

"தோத்தாலும் உனக்குப் பாதி கீதுடா. அதையும் அதே சட்டம்தான் சொல்லுது. எயுந்திரு, ஸ்டாப்பு வந்துடுச்சு."