கண் மூடாத பிடில்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். சின்னவள் போனில் வீடியோ பார்த்தாள்.

“இன்னாக்கா, உங்க பெரியப்பா பிடில் வாசிக்கிறப்போ கண்ணே மூட மாட்றாரு? பாக்கவே பயமா இருக்கு.”

“முன்னல்லாம் மூடித்தான் வாசிப்பாரு. வருசா வருசம் கப்பு அவருக்குத்தான். ஒரு தபா போட்டியில தரை அதிர்ந்துச்சு. ஜனங்க தாளத்துக்குக் கால் தட்டுறாங்கன்னு நெனச்சு இன்னும் வேகமா வாசிச்சாரு.”

“தட்டலையா?”

“சுரங்கத்துல பாறை வெடிச்சிருக்கு. வாசிச்சு முடிச்சு கண்ணத் தொறந்தா ஹாலே காலி. எல்லாரும் சுரங்கத்துக்குள்ள எறங்குற ஷாஃப்டாண்ட ஓடிட்டாங்க.”

“ஐயய்யோ! உள்ள யாருக்கா இருந்தது?”

“எங்கப்பா. அன்னிக்கு அவருக்கு ஷிஃப்டு. பொணத்ததான் மேல கொண்டாந்தாங்க.”

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். போனில் பெரியவர் கண்ணை விரித்தபடி வாசித்துக்கொண்டே இருந்தார்.