செவ்வாய்க்கிழமைச் சமையலறை

புளிக்குழம்பு வைத்த சட்டியை யார் தேய்த்தது என்று, தேய்த்த லட்சணத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கூடக் குடியிருக்கும் சக்தி தேய்த்தால் விளிம்பில் மஞ்சள் நிற்கும். உங்கள் அம்மா தேய்த்தால் அடிப்புறம்கூட மின்னும். தம்பி ஆர்னால்ட், அம்மா வேலையை மறக்கிறார் என்று வீட்டில் எல்லாரும் பேசியபோது, அது பொய் என்று எனக்கு மட்டும் தெரியும்.

இந்தச் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், இரண்டு கடைவீட்டு மாடிகளை ஒன்றாக்கி ஒன்பது பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு அறை, எல்லாருக்கும் ஒரே சமையலறை. வேலைகளைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். முடித்தவர் சுவரில் தொங்கும் தன் பெயர் அட்டையைச் சிவப்பிலிருந்து பச்சைக்குத் திருப்ப வேண்டும்.

நான்கு வருடம் செவ்வாய்க்கிழமைச் சமையலறை எனக்கும் உங்கள் அம்மா அல்போன்சம்மாள் அக்காவுக்கும்தான். அவர் தேய்ப்பார், நான் துடைப்பேன். ஊர்க்கதை முழுக்க அலசி முடிக்கும்போது பாத்திரமும் முடிந்திருக்கும். எனக்கு வாரம் என்பதே அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

பிறகு, எங்களோடு இருக்கும் வித்யா புது அட்டவணை போட்டாள். மடிக்கணினி கையில் இருந்தால் அந்தப் பெண் சாமிக்கே ஷிஃப்ட் போட்டுவிடுவாள். ஒரு வேலைக்கு ஒருவர் போதுமாம். என்னை மாடிச் செடிகளுக்கு அனுப்பினாள். அக்கா தனியாகத் தேய்த்தார், மாதா பாட்டுப் பாடிக்கொண்டு. நான் இல்லாத குறையே அவருக்குத் தெரியவில்லை.

வேலை தவறுகிறவருக்கு ஒரு துணை போடுவது எங்கள் வழக்கம். அதனால் அவருடைய பச்சை அட்டையைச் சிவப்புக்குத் திருப்பினேன். மறுவாரம், கழுவி அடுக்கிய சட்டிகளில் எண்ணெய் தடவித் தொட்டியில் போட்டேன். மூன்றாவது வாரம் வித்யாவே வந்தாள்: “ரஞ்சிதம் ஆன்ட்டி, அவங்ககூட நீங்க இருங்க லா.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அக்கா துண்டுச் சீட்டில் வேலைகளை எழுதிவைத்து, இரண்டு மாதம் ஒன்றையும் தவறவிடவில்லை. இனித் துணை வேண்டாம் என்று வித்யா சொன்ன அன்று, வெறும் சட்டியை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். பக்கத்திலேயேதான் நின்றேன். ஆபத்து வர விட்டிருக்கமாட்டேன்.

அக்காதான் அடுப்பை மறந்தார் என்றாகிவிட்ட அந்தப் புகைக்குத்தான் நீங்கள் பொங்கோல் வீட்டிலிருந்து ஓடிவந்தீர்கள். நீங்கள் காட்டிய டாக்டர், இந்த வயதுக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது என்றார். அக்காதான் நம்பவில்லை. “டாக்டர் என்னை அரை மணி நேரம் பாத்தாரு. ரஞ்சிதம் தினம் பாக்குறா,” என்றார். “என்னால யாரும் எரிஞ்சுபோகக் கூடாது,” என்று முதியோர் இல்லத்துக்குப் பெட்டியைத் தானே கட்டினார்.

போன ஞாயிறு பார்க்கப் போனேன். ஒரே தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கழுவிட்டேனா ரஞ்சிதம்?”

“இன்னொரு தடவ கழுவிடுங்கக்கா,” என்றேன். கழுவித் தந்தார். வாங்கித் துடைத்தேன். பழைய மாதிரியே இருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தம்பி. அம்மாவைத் திரும்ப அழைத்து வாருங்கள். ஒன்று மட்டும், சமையலறையில் அவரைத் தனியாக விடக் கூடாது என்று வித்யாவிடம் சொல்லிவையுங்கள். நான் கூடவே இருக்கிறேன். அவருக்கு மறதி இருக்கிறது, பாருங்கள்.